புதுப்பிப்பு: உபுண்டு 22.04-ல் சிஎச்340 போர்ட் தோன்றி மறையும் சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: சிஎச்340 சிப் (யுஎஸ்பி-யை சீரியல் போர்ட்டாக மாற்றுவது) உள்ள நோட்எம்சியு என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டைக் கணினியில் செருகினால், அதற்கான டிடிஒய்-யுஎஸ்பி0 என்ற போர்ட் ஒரு நொடி எட்டிப்பார்த்துவிட்டுக் காணாமல் போகும். கேபிளை மாற்றியும் அதே கதை.

"டிமெஸ்ஜி-யை ஓடவிட்டுச் செருகிப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. டிமெஸ்ஜி என்பது லினக்ஸ் கெர்னலின் பதிவைக் காட்டும் கட்டளை. சிஎச்341 டிரைவர் சிப்பைப் பிடித்த கையோடு பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதைப் பறித்துக்கொள்வது பதிவில் அப்படியே தெரிந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் சேவை அது. ஒரு பிரெய்ல் கருவிக்கும் இந்தச் சிப்பின் 1ஏ86:7523 என்ற அதே யுஎஸ்பி அடையாள எண் இருப்பதால் வந்த குழப்பம்.

அந்த பிஆர்எல்டிடிஒய் பொதியை ஆப்ட் (மென்பொருளை நிறுவ, நீக்க உதவும் கட்டளை) வழியாக நீக்கிவிட்டு போர்டைக் கழற்றிச் செருகினேன். போர்ட் அதன்பின் மறையவில்லை. பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் தயவுசெய்து நீக்க வேண்டாம். 85-பிஆர்எல்டிடிஒய் ரூல்ஸ் கோப்பில் 7523 வரும் வரியை மட்டும் கமென்ட் ஆக்கினால் (முன்னால் # போட்டுச் செயலிழக்கச் செய்தால்) போதும்.

அப்புறம் போர்ட்டைத் திறக்கும்போது 'அனுமதி மறுப்பு' வந்தது. சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் பயனர் குழுவில் சேரச் சொன்னவருக்கு அதற்காகத் தனி நன்றி. சேர்ந்தபின் லாக்-அவுட் செய்து திரும்ப நுழைந்தால்தான் பலிக்கும்.

எதிர்பாராத ஒன்று: சீரியல் மானிட்டரை (போர்டு அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் நிரல்) 115200 பாட் வேகத்தில் வைத்தால் போர்ட் திறந்ததும் குப்பை எழுத்துகள் வந்தன. அது கோளாறே இல்லை. போர்டின் முதன்மைச் சிப்பான ஈஎஸ்பி8266 தன் துவக்கச் செய்தியை மட்டும் 74880 பாட் வேகத்தில் அனுப்புகிறது. மானிட்டரை அதில் வைத்தால் தெளிவாகப் படிக்கலாம்.