கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை: என்கிரிப்ட் செய்த டிஸ்க்கும் எழும்பாத சேர்வரும்

உப்புவெளியிலிருந்து:

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன நாள் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பகல் பதினொன்றரை போலப் போனது, பின்னேரம்தான் வந்தது. யு.பி.எஸ். இருபது நிமிடம் தாக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

திருகோணமலை டவுனில் ஒரு நொத்தாரிசு ஐயாவின் அலுவலகத்துச் சேர்வரை நான்தான் பார்க்கிறேன். சேர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு பழைய பெட்டி. டெபியன் என்ற லினக்ஸ் ஓடுகிறது. உள்ளே ஸ்கேன் செய்த காணி உறுதிகள், அடையாள அட்டைப் பிரதிகள். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் ஒன்றும் படிக்க முடியாதபடி டிஸ்க் முழுவதையும் லக்ஸ் என்ற லினக்ஸ் என்கிரிப்ஷன் முறையை வைத்துப் பூட்டியிருந்தேன். பெட்டியை எழுப்பும் கோப்புகள் இருக்கும் பூட் பகுதி மட்டும் வெளியே. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்ததிலிருந்து ஐயா இந்த விஷயத்தில் சரியான கண்டிப்பு.

கரண்ட் வந்ததும் ஐயா போன் எடுத்தார். "தம்பி, இது வழக்கமாகக் கேட்கிற கடவுச்சொல்லைக் கேட்கவில்லை, சும்மா நிற்கிறது." போய்ப் பார்த்தால் கறுப்புத் திரை. ரூட் ஃபைல் சிஸ்டத்துக்காக, அதாவது முழு அமைப்பும் இருக்கும் பகுதிக்காக, காத்திருந்து கைவிட்டுவிட்டேன் என்று ஒரு வரி, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று கட்டளை அடிக்க ஒரு கேசர். இனிட்ராம்எஃப்எஸ் என்பது பூட் ஆகும்போது முதலில் ஏறி, ரூட்டைத் தேடித் திறக்கும் சின்னத் தற்காலிக அமைப்பு. கரண்ட் அடித்ததில் டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வயிறு கலங்கியது.

அந்தக் கேசரில் ப்ராக் அடைவுக்குள் இருக்கும் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவுகள்) பட்டியலைத் திறந்தால் மூன்று பார்ட்டிஷனும் வரிசையாக நின்றன. எந்தப் பிரிவு என்ன வகை என்று காட்டும் பிளாக்ஐடி கட்டளையைக் கொடுத்தால் மூன்றாவது லக்ஸ் வகை என்று சொன்னது, அதன் அடையாள எண்ணான யூயூஐடியும் சரி. டிஸ்க் உயிரோடு இருக்கிறது, திறவுகோல் விவரங்கள் இருக்கும் லக்ஸ் தலைப்பகுதியும் இருக்கிறது. பிறகு லக்ஸைத் திறக்கும் கட்டளையான கிரிப்ட்செட்அப் என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லையாம். பூட்டு நல்ல பூட்டு, திறக்கிற ஆள்தான் வீட்டில் இல்லை.

காரணம் நானேதான். அதற்கு முந்தைய ஒக்டோபரில் பூட் பகுதி நிரம்பிவிட்டது என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பழைய பதிப்புகளை அழித்தேன், அந்தக் கையோடு தேவையில்லாத பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவும் கொடுத்தேன். டெபியனில் பூட் நேரத்தில் டிஸ்க்கைத் திறக்கும் பகுதி, கிரிப்ட்செட்அப்பிலிருந்து பிரித்த தனிப் பொதியாகத்தான் வருகிறது. அகற்றப் போகும் பட்டியலில் அதன் பெயரும் இருந்திருக்கிறது. நான் வாசிக்காமல் ஒய் அடித்திருக்கிறேன். உடனே இனிட்ராம்எஃப்எஸ் அது இல்லாமலே புதிதாகக் கட்டப்பட்டுவிட்டது. ஆனால் சேர்வர் ஓடிக்கொண்டிருந்ததே, டிஸ்க் ஏற்கெனவே திறந்துதானே இருந்தது! நான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் போகப் பழைய கர்னலும் இல்லை, அதையும் நானே அழித்துவிட்டேன்.

சரி, பென் டிரைவில், நிறுவாமலே ஓடும் லைவ் டெபியனைப் போட்டுப் பூட் செய்தேன். வேறு எதையும் தொடுவதற்கு முன் லக்ஸ் தலைப்பகுதியை இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். லக்ஸ்2 என்றால் வழக்கமாகப் பதினாறு எம்.பி.தான். அது கெட்டுப்போனால் சரியான கடவுச்சொல்லைக் கையில் வைத்திருந்தும் பிரயோசனம் இல்லை. பிறகு டிஸ்க்கைத் திறந்து, உள்ளே இடத்தைப் பிரித்து வைத்திருக்கும் எல்விஎம்மை எழுப்பி, ரூட் பகுதியையும் பூட் பகுதியையும் மவுண்ட் செய்து, சிஹெச்ரூட் மூலம் சேர்வரின் சொந்த அமைப்புக்குள் போய், போனின் ஹொட்ஸ்பொட்டில் பொதியை நிறுவினேன். ரீபூட். மறுபடியும் அதே கறுப்புத் திரை.

இந்த இரண்டாவது தோல்வியில்தான் ஒரு மணித்தியாலம் போனது. லைவில் திறக்கும்போது அவசரத்தில் டிஸ்க்குக்கு 'டெஸ்ட்' என்று ஒரு பெயர் கொடுத்திருந்தேன். எந்த டிஸ்க்கை எந்தப் பெயரில் திறப்பது என்று சொல்லும் கிரிப்ட்டாப் கோப்பில் இருந்த பெயர் வேறு. இனிட்ராம்எஃப்எஸ் கட்டும்போது, ரூட் இருப்பது 'டெஸ்ட்' என்ற பெயரில் திறந்த டிஸ்க்கில், அதற்குக் கிரிப்ட்டாப்பில் வரி இல்லை என்று ஒரு எச்சரிக்கையும் வந்திருக்கிறது. ஓடிய வரிகளோடு அதுவும் ஓடிவிட்டது. கிரிப்ட்டாப்பில் உள்ள அதே பெயரில் திறந்து, எல்லாக் கர்னல்களுக்கும் மறுபடி கட்டினேன். இந்தத் தடவை ரீபூட் செய்வதற்கு முன்பே இனிட்ராம்எஃப்எஸ்ஸின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, கிரிப்ட்செட்அப் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது.

ஐயா போன் டோர்ச்சைப் பிடித்தபடி, முத்திரைகள் வைக்கும் பெட்டகத்திலிருந்து அரக்கு வைத்த கடித உறையை எடுத்தார். கடவுச்சொல்லைக் கேட்டதும் அவரே ஒற்றை விரலால் அடித்தார். நள்ளிரவு தாண்டி வீட்டுக்குத் திரும்பினால் கோட்டைப் பக்கம் மான்கள் நடு வீதியில் படுத்திருந்தன, ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லை. அன்றைக்கு எதுவுமே எழும்புகிற நாளில்லைப் போலும்.

கிண்ணியாவிலிருந்து:

உப்புவெளித் தம்பியிடம் கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை. என்னிடம் கேட்டது, ஆனால் ஏற்கவில்லை.

லண்டனில் இருக்கிற மச்சான் ஒரு கொம்பியூட்டரைக் கீபோர்டோடு அனுப்பினார். ஸ்டூடியோவில் கல்யாணப் படங்கள் வைக்க அதைச் சேர்வராக்கினேன். பூட் பகுதியையும் சேர்த்தே பூட்டினேன், அதனால் கடவுச்சொல்லைக் கேட்பது, கர்னலை ஏற்றிவிடும் கிரப். நிறுவி முடித்து முதல் தடவையே 'அனுமதி மறுக்கப்பட்டது', பிறகு கிரப் ரெஸ்கியூ என்ற அவசரக் கேசர். என்னிடம் இருந்த கிரப் ஒரு தடவைதான் கேட்கும். நானும் ஓஃப் பண்ணி ஓன் பண்ணி, லுஹர் தொழுகைக்குப் போய் வந்து, மறுபடி ஓஃப் பண்ணி ஓன் பண்ணி, அரை நாள் போனது. கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது என்பதால் எங்கே பிழை என்றும் விளங்கவில்லை.

கடைசியில் எரிச்சலில் அந்த ரெஸ்கியூ கேசரிலேயே என் கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தேன். அங்கே எழுத்து தெரியும் அல்லவா! @ அடித்த இடத்தில் இரட்டை மேற்கோள் குறி வந்து நின்றது. பிரித்தானியக் கீபோர்டில் இந்த இரண்டும் இடம் மாறி இருக்கும். நிறுவும்போது பிரித்தானிய அமைப்பைத் தேர்ந்திருந்தேன், கிரப்புக்கோ அமெரிக்க அமைப்பு மட்டும்தான் தெரியும். ஷிப்டோடு 2ஐ அழுத்தினேன், திறந்தது.

ஒவ்வொரு தடவையும் ஓஃப் பண்ணத் தேவையில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ரெஸ்கியூவில் கிரிப்டோமவுண்ட் கொடுத்தால் மறுபடி கேட்கும், திறந்ததும் நார்மல் மொட்யூலை ஏற்றினால் மெனு வரும்.

வெறும் சின்ன எழுத்தில் இரண்டாவது கடவுச்சொல் ஒன்றும் சேர்த்துக்கொண்டேன். என்னுடையது லக்ஸ்1, கடவுச்சொற்களுக்கு எட்டு இடம் இருக்கிறது. லக்ஸ்2 வைத்திருப்பவர்கள் இதில் கவனம். 2021இல் வந்த கிரப் 2.06 லக்ஸ்2வைத் திறக்கும், ஆனால் கடவுச்சொல்லைத் திறவுகோலாக்கும் முறைகளில் ஒன்றான பிபிகேடிஎஃப்2 முறையில் சேர்த்த கடவுச்சொல்லை மட்டும்தான். சும்மா சேர்த்தால் வழக்கமாக ஆர்கான்2 முறையில் போய் உட்காரும், அந்தப் பதிப்புக் கிரப் அதைத் திரும்பியும் பார்க்காது.

நிலாவெளியிலிருந்து:

என்னுடையது சின்னக் கதை. கடற்கரைக்குப் பக்கத்தில் கடை, உப்புக் காற்றில் மதர்போர்ட் துருப்பிடித்துச் செத்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினேன். "என்கிரிப்ட் செய்த டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன்" என்று நின்றது. முதல் அண்ணாவுக்குப் பார்ட்டிஷன் பட்டியல் வந்ததே, எனக்கு அதுவே வெறுமை. இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மொட்யூல்ஸ் என்ற இடத்தில் 'டெப்' என்று இருந்தது. அப்படியென்றால் அந்தப் பழைய போர்டுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் சுமந்து வரும். லைவில் போய் 'மோஸ்ட்' ஆக்கி மறுபடி கட்டினேன், வேலை முடிந்தது. டிஸ்க்கை வேறு பெட்டிக்கு மாற்றுகிற எண்ணம் இருந்தால் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

மறுபடி உப்புவெளியிலிருந்து:

கிண்ணியா நானாவின் கதையைப் படித்துவிட்டு ஐயாவுக்குப் போன் பண்ணி, கடவுச்சொல்லில் @ இருக்கிறதா என்று கேட்டேன். போனில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். நியாயம்தான். இப்போது ஒவ்வொரு போயா (பௌர்ணமி) விடுமுறைக்கும் போய் நானே ஒரு தடவை ரீபூட் செய்கிறேன். போயாவுக்குப் பௌத்தர்கள் சில் எடுத்து விரதம் இருப்பதுபோல, அலுவலகத்தில் அதற்கு 'சேர்வர் சில் எடுக்கிற நாள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த போயாவுக்கு உறையைத் திறக்கும்போது பார்த்துச் சொல்கிறேன்.