தெருத் தண்ணீர் ஓடைக்குப் போகிறது, மழைத்தோட்டம் போட்டால் மீன் பிழைக்குமா?

ஓடைக்கரை:
சியாட்டில் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். போன ஞாயிறு மழை விட்டதும் பையனோடு மேற்கு சியாட்டிலில் லாங்ஃபெல்லோ ஓடைக்குக் கோஹோ சால்மன் பார்க்கப் போனேன், கடலிலிருந்து முட்டையிட ஓடைக்கு ஏறி வரும் மீன். உயிரோடு பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் வாயைப் பிளந்துகொண்டு மேல்மட்டத்திலேயே கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே கணக்கெடுத்துக்கொண்டிருந்த அம்மா, செத்துக் கிடந்த ஒரு பெண் மீனின் வயிற்றைக் கீறிக் காட்டினார். ஆரஞ்சு முட்டைகள் அப்படியே நிறைந்திருந்தன, ஒன்றுகூட இடவில்லை. "டயர்" என்று ஒரே வார்த்தை சொன்னார். எங்கள் தெருவும் சரிந்து ஒரு ஓடையில்தான் முடிகிறது. சாலையோரப் பள்ளத்தை மூடிக் குழாய் போட்டுவிடலாம், சேறு இருக்காது என்கிறது குடியிருப்போர் சங்கம். நான் கூரைத் தண்ணீருக்கு மழைத்தோட்டம், அதாவது தண்ணீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் செடிப் பள்ளம், போடலாம் என்றிருந்தேன். அது மீனுக்கு உதவுமா?

வடிகால்காரன்:
இந்த வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன். முதலில், குழாய் வேண்டாம். இங்கே புறநகர்களில் மழைநீர்க் குழாய் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஓடைக்குத்தான். பள்ளம் இருந்தால் கொஞ்சமாவது மண்ணில் இறங்கும்.

கூரைத் தண்ணீருக்குத் தோட்டம் நல்லதுதான், ஆனால் கூரைமேல் கார் ஓடுவதில்லையே! டயர் ரப்பர் காற்றிலுள்ள ஓசோனால் விரிசல் விடாமலிருக்க 6பிபிடி என்று ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது, தேய்ந்த தூளோடு சாலையில் கிடக்கிறது, மழை வந்தால் கழுவிக்கொண்டு போகிறது. வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது 2020 டிசம்பரில். லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தாலே குட்டி கோஹோக்களில் பாதி ஒரு நாளுக்குள் செத்துவிடும் என்று பிறகு கணக்கிட்டார்கள். அதாவது ஒரே ஒரு கிராம், கிட்டத்தட்ட ஒரு கோடி லிட்டர் தண்ணீருக்குப் போதும்.

வழி என்னவோ சாதாரணம்தான். 60 பங்கு மணல், 40 பங்கு மக்கிய உரம், ஒன்றரை அடி ஆழம். சாலைத் தண்ணீரை இதில் வடித்து விட்டுப் பார்த்த சோதனைகளில் கோஹோ பிழைத்தன, வடிக்காத தண்ணீரில் செத்தன. ஆகவே அந்தப் பள்ளத்தையே இப்படி மாற்றச் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு:
அதே தண்ணீரில் சம் என்கிற இன்னொரு வகை சால்மன் ஜம்மென்று நீந்துகிறதாமே? டயர் கம்பெனிக்காரனைக் கேட்காமல் நம்மைக் குழி தோண்டச் சொல்வது என்ன நியாயம் சார்?

வடிகால்காரன்:
சம் விஷயம் உண்மைதான், கோஹோதான் மோசமாக அடிபடுகிறது. கம்பெனிகளைக் கேட்காமலும் இல்லை. 2023இல் யூரோக், புயாலப், போர்ட் கேம்பிள் ஸ்கலாலம் பழங்குடியினர் டயரில் 6பிபிடியைத் தடை செய்யக் கேட்டு மனுக் கொடுத்தார்கள், கூட்டாட்சி சுற்றுச்சூழல் முகமை நவம்பரில் அந்த மனுவை ஏற்றது. கலிபோர்னியாவும் மாற்று தேடச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஓடும்போது டயர் வெடிக்கக் கூடாதே, அதனால் மாற்று நாளைக்கே வராது. கோஹோ வருவதோ ஒவ்வொரு அக்டோபரும்.

கரிசல்காரி:
நாங்கள் போட்டு மூன்று வருடம் ஆகிறது, பட்டதைச் சொல்கிறேன். சாலையோரம் நகராட்சி இடம், அனுமதி வாங்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், திரும்ப மூடச் சொன்னார்கள், ஒரு மாதம் போச்சு. அப்புறம் உரம். முதல் மழையில் டீத்தண்ணி மாதிரி வடிந்தது. அதிலிருந்து பாஸ்பரஸும் இறங்கும், உங்கள் ஓடை சம்மாமிஷ் மாதிரி ஏரிக்குப் போகிறதென்றால் உரத்தின் அளவைக் கேட்டுச் செய்யுங்கள். எல்லாவற்றையும் விடத் தலைவலி இலைதான். மேப்பிள் இலை கொட்டுவதும் கோஹோ வருவதும் ஒரே நேரம், தண்ணீர் உள்ளே வரும் வாயில் நாலு இலை ஒட்டினால் போதும், மொத்தமும் தோட்டத்தைத் தாண்டி நேரே ஓடைக்குப் போய்விடும். நவம்பர் முழுக்க மழைக்கு முன்னாடி வாரியோடு போய் நிற்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

ஓடைக்கரை:
சரி, கூரையை விட்டுவிட்டேன். சங்கக் கூட்டம் வியாழக்கிழமை, முட்டையோடு கிடந்த அந்த மீனின் படத்தைக் காட்டப் போகிறேன். எங்கள் பக்கம் களிமண், தண்ணீர் இறங்குமா என்பதுதான் இப்போது சந்தேகம்.

வடிகால்காரன்:
அனுமதி வருவதற்குள் உங்கள் சொந்த இடத்தில், பள்ளத்துக்குப் பக்கமாக, ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் குளம் மாதிரி நின்றால் அடியில் வடிகுழாய் வைக்க வேண்டியிருக்கும். அளவெடுத்து இங்கே போடுங்கள்.