ஜெர்மனியில் ஒரு பருவம் சட்டம் படிப்பது குறித்து

கேள்வி:
வணக்கம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி நான். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அக்டோபரில் ஜெர்மனி செல்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படித்த எனக்கு அங்குள்ள ஒப்பந்தச் சட்டம் பயன்படுமா, குழப்பம்தான் மிஞ்சுமா?

பதில் 1:
நிச்சயம் பயன்படும், சகோதரி. நம் சட்டத்தில் மறுபயன் (ஒருவரின் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் தருவது அல்லது செய்வது) இல்லாத ஒப்பந்தம், சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது. 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பிலோ அப்படியொரு நிபந்தனையே இல்லை. கடையில் ரொட்டி வாங்குவதைக்கூட அவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: விற்பனை ஒப்பந்தம் ஒன்று, ரொட்டியின் உரிமை கைமாறுவது ஒன்று, காசின் உரிமை கைமாறுவது ஒன்று. முதலாவது செல்லாமல் போனாலும் மற்ற இரண்டும் நிற்கலாம் என்று பேராசிரியர் சொன்னபோது திகைத்துப்போனேன். நம் சட்டத்தை நான் ஊன்றிப் படித்ததே அதன் பிறகுதான்.

பதில் 2:
விடை எழுதும் முறையையும் பழகிக்கொள்ளுங்கள். முடிவை முதலில் எழுதாமல், 'விற்றவர் விலையைக் கோர உரிமை பெற்றிருக்கலாம்' என்று தொடங்கி, ஒவ்வொரு நிபந்தனையையும் வழக்கின் விவரங்களோடு பொருத்திப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

பதில் 3:
ஒரு பருவத்துக்கு 30 ஐரோப்பியப் புள்ளிகள் (ECTS, அங்கே பாடச்சுமையை அளக்கும் அலகு) என்பது முழுநேரப் படிப்பின் அளவு. எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்பார்கள் என்பதைப் புறப்படும் முன்பே கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியை நம்பிச் சென்ற நான், திரும்பிவந்து இரண்டு தாள்களை மீண்டும் எழுதினேன். அங்கே குளிர்காலப் பருவ வகுப்புகள் பிப்ரவரி வரை நீளும் என்பதால், இங்கே அடுத்த பருவத்தின் வருகைப்பதிவுக்கும் இப்போதே அனுமதி கேளுங்கள்.