பால் காய்ப்புக்கு வந்த புது அடுப்பு ("ஆச்சி வீடு, பாளை" வாட்ஸ்அப் குழு)

கோமதி: [படம்]

கோமதி: கண்ணா, நீ அனுப்பின அடுப்பு வந்துவிட்டது. மாடிக்கு ஏற்றுவதற்குள் கடைப் பையன்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ரொம்ப நன்றாக இருக்கிறதுப்பா. ஆனால் பிளக்தான் எந்த பாயிண்டிலும் நுழைய மாட்டேன் என்கிறது

கண்ணன்: எந்த பிளக் அத்தை?

கோமதி: பின்னால் தொங்குகிறதே, தடித் தடியாக மூன்று கால்

வள்ளி: கேஸ் அடுப்புக்கு எதற்குக் கரண்ட்?

மீனா: கீழே ஓவன் இருக்கிறது அத்தை. கேக் செய்யலாம்

வள்ளி: யார் செய்யப்போகிறார்கள்

மீனா: 🙄

சங்கர்: எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டான். ஒரு கன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தால் மிக்ஸி பாயிண்டிலேயே சொருகிவிடலாம் என்கிறான். முடிந்தது வேலை

சாந்தா: [காலை வணக்கம், ரோஜாப் பூ]

சுப்பிரமணியன்: ஏலே சங்கர், கன்வெர்ட்டர் வாங்காதே.

சுப்பிரமணியன்: அடுப்புக்குப் பின்னால் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எத்தனை வாட் என்று பார்த்துச் சொல். கேஸ் அடுப்பு எல்லாம் ஒன்றில்லை. பேட்டரி போட்டுப் பற்றவைப்பது உண்டு, அதற்கு பாயிண்டே வேண்டாம். பொறிக்கு மட்டும் கரண்ட் கேட்பது உண்டு, அதற்கு 6 ஆம்பியர் பாயிண்ட் தாராளம், சிம்னிக்கும் அதுவே போதும். நீங்கள் இறக்கி வைத்திருப்பது மேலே கேஸ், கீழே கரண்ட் ஓவன். உள்ளே ஹீட்டர் இருக்கிறது. அதாவது கீசர் வகையறா. அடுப்பு என்று பெயர் இருப்பதால் அடுப்பு மாதிரி நடத்தக் கூடாது.

வள்ளி: தொடங்கிவிட்டார்

கண்ணன்: 2200 வாட் பெரிய மாமா. ஆர்டரிலேயே போட்டிருக்கிறது

சுப்பிரமணியன்: 230-ஆல் வகு. ஏறக்குறைய ஒன்பதரை ஆம்பியர். மிக்ஸி பாயிண்ட் 6 ஆம்பியர். பிளக் தடியாக இருப்பதே "என்னை இதில் சொருகாதே" என்று சொல்லத்தான். கன்வெர்ட்டர் போட்டால் பிளக் நுழையும், சாக்கெட்டுக்கு பலம் வந்துவிடுமா? பழைய வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சாக்கெட் என்ன ஆயிற்று?

கோமதி: ஐயோ ஆமாம் அத்தான். முதலில் பழுப்பேறியது, அப்புறம் ஒரு வாடை

மீனா: ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு "நம் தெருவில் எவன் கருவாடு பொரிக்கிறான்" என்று வாசலுக்குப் போய் நின்றார்கள் 😂

சங்கர்: அதை விடு. அதே வீட்டில் ஒருத்தர் ஃபேன் மாட்டி தெருவுக்கே ஃபியூஸ் போனதையும் சொல்லு

வள்ளி: 😂😂

சுப்பிரமணியன்: அது டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு. ஆபீஸ் பதிவேட்டிலேயே இருக்கிறது.

சாந்தா: வெள்ளிக்கிழமைக்குச் சொதி உண்டா கோமதி?

கோமதி: உண்டு அக்கா. சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. இஞ்சிப் பச்சடியும்

வள்ளி: இங்கே தேங்காய்ப்பால் என்று ஒரு தண்ணீர் விற்கிறார்கள். சொதி சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆயிற்று

கண்ணன்: மாமா, அப்போ என்னதான் செய்ய வேண்டும்? சுருக்கமாக

சுப்பிரமணியன்: சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்குள் கரண்டைப் பிரிக்கிற டி.பி. பெட்டியிலிருந்து தனி லைன். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், 4 போட்டால் இன்னும் நிம்மதி. 16 ஆம்பியர் சாக்கெட், சுவிட்சோடு. கரண்ட் மிஞ்சினால் தானே ட்ரிப் ஆகி அணைகிற சுவிட்ச், அந்த எம்.சி.பி.யும் 16. "32 போட்டால் ட்ரிப்பே ஆகாது சார்" என்பான் எலக்ட்ரீஷியன். ட்ரிப் ஆகாமல் ஒயர் கருகும். எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அப்புறம் எர்த். அடுப்பு முழுக்க ஸ்டீல், கோமதி ஈரக் கையோடு தொடுவாள். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பச்சை ஒயரை எங்கேயும் கட்டாமல் பெட்டிக்குள் சுருட்டி வைத்துவிட்டுப் போகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கரண்ட் கசிந்து ஷாக் அடித்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?

சங்கர்: இருக்கும்

சுப்பிரமணியன்: இருக்கும் என்றால்? அழுத்திப் பார்க்க 'டி' என்று ஒரு பொத்தான் இருக்குமே.

சங்கர்: இருக்கும் அண்ணாச்சி

சுப்பிரமணியன்: வயரிங் நடக்கும்போதே என்னை ஒரு நாள் கூப்பிட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. கீழ் வீட்டு மோட்டாருக்கும் இதே கதைதான்.

வள்ளி: அண்ணே, மோட்டார் வேண்டாம்

சங்கர்: [படம்]

சங்கர்: எலக்ட்ரீஷியன் கோடு போட்டிருக்கிற இடம். இங்கே வைக்கலாமா?

சுப்பிரமணியன்: தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சிலிண்டர் நிற்கிற மூலையிலேயா? சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். அங்கே சுவிட்ச் தட்டினால் பொறி. மேடைக்கு மேலே, அடுப்புக்குப் பக்கவாட்டில் வை. தீயைத் தாண்டிக் கை நீட்டாமல் அணைக்க முடிய வேண்டும். ஓவன் முதுகு சூடாகும், ஒயரும் கேஸ் வருகிற ஆரஞ்சு டியூபும் அதன் பின்னால் ஓடக் கூடாது. டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திற, வெளியே வந்து 1906-க்கு அடி.

கோமதி: மேடைக்கு மேலே என்றால் டைல்ஸை உடைக்கணுமா? போன வாரம்தானே ஒட்டினார்கள் அத்தான்

கோமதி: நான் உடைக்க விட மாட்டேன்

சுப்பிரமணியன்: உடைக்க வேண்டாம். சுவருக்கு வெளியே கேசிங் பட்டி அடித்து, அதற்குள் ஒயரைக் கொண்டுவரலாம்.

மீனா: ஹாலில் இருந்தா?? வெள்ளைப் பட்டி??

கண்ணன்: சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் பாயிண்ட் 16 தானே? சுவரில் ஓட்டை போட்டு அதிலிருந்தே எடுத்துவிடலாமே

சுப்பிரமணியன்: மெஷினுக்குள் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் உண்டா?

கோமதி: இல்லை, மேலே திறக்கிறது. சும்மா துவைக்கும்

சுப்பிரமணியன்: அப்படியென்றால் ஓடும். ஹீட்டர் உள்ள மெஷினாக இருந்தால் இரண்டும் சேர்ந்து 16-ஐத் தாண்டிவிடும். ஆனாலும் தனி லைன்தான் முறை. அந்த பாயிண்டுக்கு என்ன ஒயர் போட்டிருக்கிறான் என்று சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்துப் படம் அனுப்பு. கழற்றுவதற்கு முன் மெயினை அணை.

சங்கர்: எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறேன் என்றான்

வள்ளி: பால் காய்ப்பு வெள்ளி விடியற்காலை

சங்கர்: அதான் பார்க்கிறேன்

கண்ணன்: அப்போ பால் காய்க்க முடியாதா? அதற்காகத்தானே அனுப்பினேன் 😟

சுப்பிரமணியன்: பாலுக்குக் கரண்டே தேவையில்லை. பிளக்கைத் தொங்க விடாமல் சுருட்டிக் கட்டிவிடுங்கள். ஏஜென்சி மெக்கானிக்கை வைத்து கேஸ் மட்டும் மாட்டுங்கள், சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். குமிழை அழுத்தித் திருப்பித் தீக்குச்சி காட்டினால் பர்னர் எரியும். பிடித்தவுடனே கையை எடுத்தால் அணையலாம், தீ அணைந்தால் கேஸை நிறுத்துகிற அமைப்பு இருந்தால் அதன் முனை சூடாகச் சில விநாடி ஆகும். அதுவரை அழுத்திப் பிடி. ஓவனை மட்டும் யாரும் தொடக் கூடாது.

மீனா: அப்போ கேக் கிடையாதா

வள்ளி: பார்த்தாயா கண்ணா, இவளுக்குக் கேக்குதான் கவலை. அந்தக் காலத்தில் பெரியவர்கள் பேசினபடி உனக்கே கட்டி வைத்திருந்தால் நீதான் பட்டிருப்பாய்

கண்ணன்: அம்மா!!

மீனா: அத்தை, இந்தக் குழுவில் என் வீட்டுக்காரரும் இருக்கிறார்

கோமதி: [குரல் செய்தி, 0:41]

கோமதி: ஆச்சி பேசினது. கேளுங்கள்

சாந்தா: ஒன்றும் விளங்கவில்லை, பின்னால் சீரியல் ஓடுகிறது

மீனா: செங்கல் மூன்று வைத்து விறகில்தான் பால் பொங்க வேண்டுமாம். இரும்புப் பெட்டியில் பொங்கினால் கணக்கில்லையாம்

கண்ணன்: 😔

வள்ளி: இரண்டிலும் பொங்கட்டுமே. முதலில் விறகு, அப்புறம் கண்ணன் அடுப்பு

சங்கர்: புது டைல்ஸ் மேல் விறகா?

கோமதி: மொட்டை மாடியில் வைப்போம்

சுப்பிரமணியன்: பூஜை சமையலறையில்தானே?

சங்கர்: ஐயரிடம் கேட்கிறேன்

வள்ளி: சங்கரா, அழைப்பிதழில் உன் அத்தான் இனிஷியல் தப்பு. இவர் இரண்டு நாளாக அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்

சங்கர்: அச்சகத்தில் செய்த வேலை அக்கா. நான் அத்தானுக்குப் போன் போடுகிறேன்

வள்ளி: போடு. நாங்கள் நெல்லை எக்ஸ்பிரஸ். ஸ்டேஷனுக்கு யார் வருவது?

சுப்பிரமணியன்: வாஷிங் மெஷின் சாக்கெட் படம் இன்னும் வரவில்லை.

சங்கர்: கரண்ட் இல்லை அண்ணாச்சி. வந்ததும் பார்க்கிறேன்

சுப்பிரமணியன்: கரண்ட் இல்லாதபோதுதான் கழற்ற வசதி. மெயினையும் அணைத்துவிட்டுக் கழற்று.

கோமதி: அவர் ஐயரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார் அத்தான்

வள்ளி: ஸ்டேஷனுக்கு???