மகன் டர்னர் வேலை கற்க விரும்புகிறான், கல்லூரிக்குத்தான் அனுப்ப வேண்டுமா?

ஒரு தாய்:
என் மகன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் இயந்திரத்தில் டர்னர் வேலைதான் கற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவதா?" என்கிறார்கள் உறவினர்கள். தொழில் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு என்பது உண்மையா?

வாசகர்:
முதலில் ஒரு பட்டம் வாங்கட்டும். தொழிலைப் பிறகு கற்கலாமே.

பழைய டர்னர்:
அம்மா, அந்த மதிப்பெண் எங்களுக்குத்தான் வேண்டும். கடைந்து முடித்த தண்டைச் சூடு ஆறுமுன் மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக இருக்கிறது என்று இறக்கிவிடுவார்கள் புதியவர்கள். 100 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினாலே 0.01 மி.மீ.க்குச் சற்று அதிகமாகப் பெருத்திருக்கும். ஆறியதும் அளவு குறைந்துவிடும், அதன்மேல் மாட்டும் பேரிங் இறுக்கமாக உட்காராது, தண்டு வீண். இந்தக் கணக்கு இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. ஆனால் தண்டைத் தொட்டுப் பார்த்து "இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்லப் பக்கத்தில் ஒரு மூத்தவர் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். அவர்களிடம் கற்றிருக்க வேண்டிய பிள்ளைகளைக் கல்லூரிக்குத் திருப்பிவிட்டோம். லேத்தை நாளைக்கே வாங்கிவிடலாம், பழக்கிவிட ஆள் கிடைப்பதில்லை.

பட்டம் வாங்கட்டும் என்றவருக்கு: படிப்பும் தொழிலும் ஏன் முன்பின்னாக வர வேண்டும்? ஜெர்மனியில் பயிற்சி பெறுபவர் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் நிறுவனத்தில் ஊதியத்தோடு வேலை கற்கிறார், மற்ற நாட்களில் தொழிற்பள்ளிக்குப் போகிறார். பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரை ஆண்டுகள். சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியாகவே போகிறார்கள். விரும்பினால் அங்கிருந்தே உயர்கல்விக்கும் போகலாம்.

எனக்குக் கோபம் வருவது முதலாளிகள் சிலர்மீது. ஆள் இல்லை என்று புலம்புவார்கள், கற்றுக்கொடுக்கக் காசு செலவழிக்க மாட்டார்கள். சேர்க்குமுன் கேளுங்கள்: யார் கற்றுத் தருவார், இயந்திரத்தில் எப்போது நிற்க விடுவீர்கள், முடிவில் சான்றிதழ் உண்டா? எடுபிடி வேலைக்குத்தான் என்று தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒரு தாய்:
மிக்க நன்றி ஐயா. தண்டு பெருக்கும் கணக்கை அவனே போட்டுப் பார்த்துவிட்டான்! ஆபத்து என்பதுதான் மீதியிருக்கும் பயம்.

பழைய டர்னர்:
பயம் நியாயமானது. தொளதொளத்த சட்டைக் கை, கையுறை, மோதிரம் எதுவும் லேத் அருகே கூடாது, சுழலும் தண்டு இழுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் வேண்டும். இரும்புச் சீவலைக் கையால் எடுக்கவே கூடாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கொக்கியால்தான் எடுக்க வேண்டும். முதல் நாளே இதைச் சொல்லித்தரும் பட்டறையாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.