குடும்பக் குழுவில் கே.பி.எஸ்.

நான்: கல்லூரியில் ஒரு நடிகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். நாடகம், சினிமா இரண்டிலும் பேர் வாங்கியவராக இருக்க வேண்டுமாம். யாரை எடுக்கலாம்?

அண்ணன்: மனோரமா ஆச்சி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நான்: ஆச்சியை ஏற்கெனவே வேறு ஒருத்தி எடுத்துவிட்டாள் 😒

பெரியப்பா: கே.பி. சுந்தராம்பாளை எடு பாப்பா.

அண்ணன்: ஔவையார் பாட்டிதானே? கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானப்படுத்துவாரே.

பெரியப்பா: உங்களுக்கெல்லாம் அவர் பிறக்கும்போதே பாட்டி. "திருவிளையாடல்" வந்தது 1965இல். அப்போதே அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டியாயிற்று. 1908இல் கொடுமுடியில் பிறந்தவர், சிறுமியாக நாடகக் கம்பெனிக்குப் போனவர்.

நான்: நாடகம் என்றால் இப்போது சபாவில் போடுகிறார்களே, அந்த மாதிரியா?

பெரியப்பா: அது வேறு. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். மைக் கிடையாது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் பாட்டுப் போய்ச் சேர வேண்டும். முக்கால்வாசி பாட்டுதான், நடுநடுவே வசனம். குரல் இல்லை என்றால் ராஜபார்ட்டும் (நாயகன் வேஷம்) கிடையாது, ஸ்திரீபார்ட்டும் (நாயகி வேஷம்) கிடையாது.

நான்: ராஜபார்ட் என்றால் ஆண்கள்தானே?

பெரியப்பா: அந்தக் காலத்து மேடையில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆண்கள் சேலை கட்டினார்கள், பெண்கள் ராஜா வேஷம் போட்டார்கள். இவர் இரண்டும் போட்டவர்.

சித்தப்பா: ஸ்பெஷல் நாடகம் பற்றியும் சொல்லுங்கள் அண்ணே. இவர்களுக்குத் தெரியாது.

பெரியப்பா: வள்ளி திருமணம் என்று வைத்துக்கொள். முருகன் ஒரு ஊரிலிருந்து வருவார், வள்ளி இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். ஒத்திகையே கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம், மிச்சம் மேடையிலேயே நடக்கும் தர்க்கம். முருகன் மேல் சுருதிக்கு ஏறினால் வள்ளி அதற்கும் மேலே ஏற வேண்டும். இறங்கிவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு வேறு வள்ளிதான்.

அத்தை: அப்படிப் பாடிப் பாடித்தான் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தது. செங்கோட்டை கிட்டப்பா, அன்றைய நாடக மேடையில் பெரிய பாடகர். இலங்கையில் பழக்கம், அப்புறம் கல்யாணம், அப்புறம் மனஸ்தாபம், பிரிவு. 1933இல் கிட்டப்பா போய்ச் சேர்ந்தார், முப்பது வயதுகூட ஆகவில்லை. அன்றைக்கு இவருக்கு 25. அதிலிருந்து வெள்ளைப் புடவைதான். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு.

அண்ணன்: ஜோடி இல்லாமல் சினிமாவா? கதை முடிந்தது.

பெரியப்பா: சினிமாக் கதை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்டா. 1935, "நந்தனார்". யாராக நடித்தார் என்று நினைக்கிறாய்? நந்தனாராகவே. சம்பளம் ஒரு லட்ச ரூபாய். நடிக்க இஷ்டமில்லாமல், கேட்டதும் ஓடிவிடட்டும் என்றுதான் அந்தத் தொகையைச் சொன்னார் என்பார்கள். தயாரிப்பாளர் ஹசன்தாஸ் சரி என்றுவிட்டார்.

அண்ணன்: 1935இல் ஒரு லட்சமா 😳

சித்தப்பா: ஆண் வேஷம் போட்டால் ஜோடிப் பேச்சே வராது பாருங்கள். கெட்டிக்காரி.

அத்தை: படம் எப்படி என்று அண்ணன் சொல்ல மாட்டார். கல்கி விமர்சனத்தில் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாக எழுதிவிட்டார் 😂

பெரியப்பா: பாட்டை யாரும் குறை சொல்லவில்லையே!

நான்: பெரியப்பா, ஒரு சந்தேகம். வெள்ளைப் புடவையை விரதம், தியாகம் என்று மேடையில் புகழ்ந்து பேச எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 25 வயதுப் பெண். கிட்டப்பா இடத்தில் இவர் போயிருந்தால் கிட்டப்பா நடிப்பை நிறுத்தியிருப்பாரா?

அத்தை: நிறுத்தியிருக்க மாட்டார். கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு, அதையும் சேர்த்துக்கொள். நாடகக்காரி என்றாலே ஊர் வாய்க்கு வந்ததைப் பேசும் காலம் அது. வெள்ளைப் புடவை அந்த வாயை அடைத்தது. துக்கம் உண்மைதான், ஆனால் அந்தப் புடவை அவருக்குக் காவலாகவும் இருந்தது. இது என் அபிப்பிராயம், அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெரியப்பா: ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேசட்டும்.

நான்: அவர் நடித்த படங்களை வரிசையாகப் பார்த்தேன். நந்தனார், மணிமேகலை (1940), ஔவையார் (1953), "பூம்புகார்" படத்தில் கவுந்தி அடிகள் (1964), கடைசியில் காரைக்கால் அம்மையார் (1973). எல்லோருமே குடும்பத்தை விட்டு வெளியே நிற்பவர்கள்! தமிழில் ஜோடி தேவைப்படாத பாத்திரங்கள் இத்தனை இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போயிருக்கிறார்.

சித்தப்பா: அடேயப்பா. இதையே பேசு.

அண்ணன்: நடுவில் பதின்மூன்று வருடம், பதினோரு வருடம் என்று இடைவெளி விடுகிறாரே. சாப்பாட்டுக்கு என்ன செய்தார்?

பெரியப்பா: கச்சேரி, இசைத்தட்டு. காங்கிரஸ் கூட்டம் என்றால் சத்தியமூர்த்தி பேச்சு, இவர் பாட்டு. 1951இல் மேலவை உறுப்பினரானார். நம் நாட்டில் சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள்.

சித்தப்பா: அந்தக் காங்கிரஸ்காரர்தான் "பூம்புகார்" படத்தில் கருணாநிதி வசனம் பேசினார். தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற மாதிரி ஒரு வரி இருந்ததாம். பாட மாட்டேன் என்றுவிட்டார். தெய்வம் வந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்த பிறகுதான் பாடினார் என்று ஒரு கதை உண்டு.

நான்: சூப்பர். தேசிய விருதும் இருக்கிறதே?

பெரியப்பா: "துணைவன்" படத்துக்கு, 1969இல். சிறந்த பின்னணிப் பாடகி. அறுபது வயதில். அடுத்த வருடம் பத்மஸ்ரீ. 1980இல் காலமானார்.

நான்: பத்து நிமிடத்துக்குள் அடங்காது போலிருக்கிறது. அரசியலை விட்டுவிடட்டுமா?

பெரியப்பா: எதை வேண்டுமானாலும் விடு, நாடகத்தை விடாதே. "திருவிளையாடல்" துண்டு ஒன்று போட்டுக் காட்டு. வாயைப் பார்க்கச் சொல். ழகரம், றகரம் எதையும் விழுங்க மாட்டார், ஒவ்வொரு எழுத்தும் முழுதாக வரும். மைக் முன்னால் நின்றாலும் கடைசி வரிசைக்கே பாடுவார்.

அண்ணன்: யூடியூபில் நல்ல பிரிண்ட் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன். ஒலி கொஞ்சம் கரகரக்கும்.

அத்தை: கிட்டப்பாவின் முதல் மனைவியைப் பற்றி நான் எழுதியதைச் சொல்வாயா மாட்டாயா?

நான்: கட்டாயம் சொல்வேன் அத்தை. பெரியப்பா முன் வரிசையில் உட்காராமல் இருந்தால் சரி 😄