சீர் வெள்ளி: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:
கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் திருமணம். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். பித்தளை, எவர்சில்வர், பர்மா அரக்குக் கூடை எல்லாம் இருந்தும், வந்த பெண்கள் நேராகப் போனது வெள்ளியிடம்தான். ஓர் ஆச்சி கூஜாவைத் தூக்கிப் பார்த்தே, "அறுபது ரூபாய் எடைக்குக் குறையாது" என்றார். பழைய வெள்ளி ரூபாய்க் கணக்கு அது, ஒன்று 11.66 கிராம். பிறகு அடியைத் திருப்பிக் காட்டினார். பெயரின் முதலெழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தன. "எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) அவர்கள் அப்பச்சி (அப்பா) ரங்கூனில் கடை வைத்திருந்தபோது செய்து போட்டது."

1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்ததும் அங்கிருந்த கடையும் நிலமும் கைவிட்டுப் போயின. ஊருக்கு வந்து சேர்ந்த வெள்ளி மிஞ்சியது. அதனால், இதை வெறும் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரையிலிருந்து:
என் சித்தப்பா வெள்ளிக் கடையில் கணக்கு எழுதினார். பள்ளி விடுமுறையில் நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். விற்க வருபவர் பையைப் பிரித்ததும் முதலில் தராசு. கொடி, அன்னப்பட்சி வேலைப்பாடெல்லாம் ரசீதில் ஏறாது. உள்ளே அடைத்த அரக்கு, பற்றவைத்த இடம், எல்லாவற்றுக்கும் கழிவு. நுணுக்கமான வேலைப்பாடுள்ள ஒரு பன்னீர்ச் செம்பை என் கண் முன்னால் கத்தரியால் வெட்டினார்கள். விற்க வந்த அம்மாள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னையிலிருந்து:
அதைப் படிக்கவே வயிறு எரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடை, தெய்வ உருவங்களைப் புடைப்பாகத் தட்டியெடுத்த தேநீர்ப் பாத்திரங்களைச் செய்தது. 'சுவாமி வெள்ளி' என்பார்கள். 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கே அந்தப் பாணித் தொகுதி பரிசாகப் போனது. அடியில் கடை முத்திரை இருப்பதால் இன்று ஏலத்தில் வேலைப்பாட்டுக்கும் விலை கிடைக்கிறது. நம் ஆசாரிகள் பெரும்பாலும் தம் பெயரை வெட்டவில்லை, வாங்கியவர் பெயரையே வெட்டினார்கள். கைத்திறன் குறைவா என்ன? பன்னீர்ச் செம்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:
விற்றே தீரவேண்டும் என்றால், உருக்கும் கடைக்குப் போகுமுன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் காட்டுங்கள். வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் விபூதி போட்டுத் துலக்கும்போது எழுத்து வெட்டிய இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.